ஆறாவது மெயில்

என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று அம்மா சொல்வார். அப்பா என்னைப் பற்றிச் சொல்வது, "முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா." சொல்லிவிட்டு, நான் இந்த இரண்டில் எது என்று சொல்லாமல் சிரிப்பார். இருவர் சொன்னதும் சரிதான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அப்பாவின் அடக்கத்தின்போது நடந்ததற்கு ஒரு பழைய கொம்பியூட்டரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆலங்குடாவில் ஒரு லொட்ஜில் வேலை செய்கிறேன். காற்றுக் காலத்தில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம். அறை கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் எழுதுவது, சாவி கொடுப்பது, படுக்கை விரிப்புகளை எண்ணுவது, சமையல்காரரோடு சண்டை பிடிப்பது எல்லாம் நான்தான். என் அலுவலகம் என்பது படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கதிரை, ஓர் அலுமாரி. முதலாளி கொழும்பில் இருப்பவர். தன் மகள் வேண்டாம் என்று ஒதுக்கிய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்தார். மெயில் பார்க்க அதில் ஒரு புரோகிராம் போட்டுத் தந்தார். திறந்தால் அதுவே மெயில்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வரும். பாஸ்வேர்ட் முதலாளியின் தலைக்குள் இருந்தது. எனக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

வீடு கண்டக்குழியில். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். ஒரே தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அவனுடைய கப்பலும் முதலாளியின் கொம்பியூட்டரைப் போலத்தான், பழையது. நடுக்கடலில் ஃபோன் எடுக்க முடியாது. கப்டனிடம் கேட்டு எழுத்தில் மட்டும் மெயில் அனுப்பலாம். படம் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. வேலையில் சேர்ந்தபோது வீட்டாரின் மெயில் முகவரி ஒன்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கு மெயில்? லொட்ஜின் முகவரியை எழுதிக் கொடுத்தான். மாதத்துக்கு ஒன்று வரும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பான். அக்கா சுகமா, அப்பா மருந்து குடிக்கிறாரா, இங்கே குளிர். அதற்கு மேல் நான்காவது வரி வந்ததாக நினைவில்லை.

அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. ஐந்து வருடமாகிறது. கப்பல் நடுக்கடலில் நிற்கிறது, கரை சேர இரண்டு கிழமை ஆகும் என்று எழுதியிருந்தான். அது உண்மையாகத்தான் இருக்கும். உண்மையாக இருந்தால் என்ன, கோபம் வராதா? அம்மாவின் சவப்பெட்டியை மூடும்போது அவன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். அந்தக் கோபத்தை ஐந்து வருடமும் ஊறுகாய் போலப் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். அப்பா அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

அப்பா எழுபது தாண்டியும் போட்டை விற்கவில்லை. ஆழக் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். சீசனில் டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். போன சீசனில் எங்கள் லொட்ஜில் மூன்று கிழமை தங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண் அப்பாவின் போட்டில்தான் நான்கைந்து தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கெமராவைத் தூக்குவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் இருவரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். போகும்போது, அப்பாவை எடுத்த படங்களை லொட்ஜின் மெயிலுக்கு அனுப்புவதாகச் சொன்னாள்.

அப்பா படம் பிடிக்க விடாத மனிதர். கெமராவைக் கண்டால் முகத்தைத் திருப்புவார், இல்லாவிட்டால் விறைத்துக்கொள்வார். வீட்டில் அவருடைய படம் என்று இருந்தது அடையாள அட்டையில் உள்ளது மட்டும்தான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர், நெஞ்சு நோ என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போன நேரத்தில் கேட்டார்.

"மகள், அந்தப் பிள்ளை படம் அனுப்பிச்சா?"

உண்மையில் முதல் நாள் சனிக்கிழமை காலையில் அது வந்திருந்தது. தலைப்பை மட்டும் கண்டேன். உன் அப்பா என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் கிளிப் அடையாளம். திறப்பதற்குள் கொம்பியூட்டர் இறுகி நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அப்பாவுக்கு நெஞ்சு நொந்தது, அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"வந்திட்டுது அப்பா. வீட்ட வந்ததும் காட்டுறன்."

"நான் சிரிச்சிட்டன் மகள். அவள் வாந்தி எடுத்துக்கொண்டு படம் பிடிச்சாள், எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பல்லு தெரியுதோ தெரியாது."

அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. திங்கட்கிழமை விடிய ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது.

அன்று காலையே கொழும்பில் தம்பியின் கப்பல் ஏஜென்டின் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். சிங்களத்தில் கதைத்த பெண் மிகவும் இரக்கமாகப் பேசினாள். உடனே கப்பலுக்கு அறிவிக்கிறோம், பதில் நீங்கள் கொடுத்த மெயில் முகவரிக்கு வரும் என்றாள். பெட்டி விற்று உடலுக்கு மருந்து ஏற்றும் மலர்ச்சாலைக்காரர் அப்பாவைப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். நல்ல மருந்து ஏற்றியிருக்கிறேன், ஒரு கிழமை வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று தானாகவே சொன்னார். கேட்காமலே சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் இத்தாலியில், மத்திய கிழக்கில், கப்பலில். வெளியே உள்ள பிள்ளை வருகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பெட்டியை மூடமாட்டார்கள். மூன்று நாள், நான்கு நாள் காத்திருப்பார்கள். வந்து முகத்தைப் பார்த்து, நெற்றியில் முத்தமிட்ட பிறகுதான் அடக்கம். சொல் வராவிட்டால் காத்திருப்பதில்லை. இது எழுதாத சட்டம்.

ஆகவே வீடு முழுவதும் ஒரே கேள்விதான். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். "சின்னவன்ட பதில் வந்ததும் எனக்குச் சொல்லுங்க மகள். அதுக்குப் பிறகுதான் பங்குச் சுவாமியிட்ட அடக்கத்துக்கு நேரம் கேக்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிபோல லொட்ஜுக்குப் போனேன். மழைக் காலம், ஆட்கள் யாரும் இல்லை. முதலாளி வெளிநாட்டில் மகளிடம் போயிருந்தார். கொம்பியூட்டரைப் போட்டேன். புரோகிராம் திறந்தது. கீழே சின்னதாக, பதினெட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஓடியது. ஐந்து மெயில்கள் வந்து விழுந்தன. ஆறாவது அந்தப் பெண்ணுடையது. உன் அப்பா. வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றித் திரை வெளுத்தது. பதில் இல்லை என்று மேலே ஒரு வரி வந்தது. அமத்தினேன், தட்டினேன், ஒன்றும் அசையவில்லை. இழுத்து மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடி முதலிலிருந்து ஐந்தையும் கொண்டுவந்தது, ஆறாவதில் நின்றது. எட்டுத் தடவை அப்படிச் செய்தேன். கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலை விற்கிற ஒருவருடைய விளம்பரம் எட்டுத் தடவை வந்து வரிசையாகக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

என் ஃபோனில் திறக்கப் பாஸ்வேர்ட் கேட்டு முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. கற்பிட்டியில் ஃபோன், கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருக்கிறார். லொட்ஜில் எது பழுதானாலும் அவர்தான் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் அவருக்கு அக்காதான். மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"அப்பா மௌத்தாம் எண்டு கேள்விப்பட்டன். நல்ல மனுசன் அக்கா. ஒருநாள் எனக்குச் சும்மா ரெண்டு பாரை மீன் தந்தவர்."

கண் கலங்கியது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து தன் வித்தைகளையெல்லாம் காட்டினார். வைரஸ் காவல் புரோகிராமை நிறுத்திப் பார்த்தார். மெயில் புரோகிராமின் பழைய குப்பைகளைச் சுருக்கிப் பார்த்தார். பொறுக்கும் நேரத்தை ஒரு நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷமாகக் கூட்டிப் பார்த்தார். நுளம்பு வலை இன்னும் ஐந்து தடவை வந்தது. கடைசியில் கதிரையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"அக்கா, இது வேற ஒண்டுமில்ல. அந்த வெள்ளக்காரப் புள்ள முப்பது நாப்பது படத்த ஒரே மெயில்ல அமுக்கி அனுப்பியிருக்கு. உங்கட லைனும் இழுக்காது, இந்தப் பெட்டியும் தாங்காது. இடையில அறுந்தா முதல்ல இருந்து தொடங்குது. ஐஸ் லொறி ஒழுங்கைக்குள்ள புதைஞ்ச மாதிரி. அத எடுக்காம பின்னுக்கு நிக்கிற சைக்கிளும் வராது."

"அப்ப என்ன செய்யிற?"

"அழிக்கிறதான். இந்த வரியில வச்சு, இத அமத்துங்க. அங்கயே அழிஞ்சிடும். பின்னுக்குப் பன்னிரண்டு நிக்குது. எல்லாம் ஒரு நிமிஷத்துல வந்திடும். தம்பிட பதிலும் அதுக்குள்ள நிக்கலாம்."

அவருடைய விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். ஒரு பெண் ஒரு நானாவின் கையைத் தட்டிவிடுவது எங்கள் ஊரில் நடக்கிற காரியமில்லை. அவர் திடுக்கிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது அப்பாட படம் நானா. அவர் பாக்கக் கேட்டவர். பெட்டிக்கு மேல வைக்கவும் நல்ல படம் ஒண்டு இல்ல."

"படத்தத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேக்கலாமே?"

கேட்கலாம்தான். அவளுடைய முகவரி விருந்தினர் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் என் முதுகுக்குப் பின்னால் அலுமாரிக்குள் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்து எத்தனை தடவை பரிகசித்திருப்பேன். அன்றைக்கு அந்த ஆள் நான்தான். அழித்துவிட்டுக் கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? அல்லது பதிலே போடாவிட்டால்? அது அப்பா உயிரோடு இருந்தபோது அவருக்கென்று வந்தது. என் விரலால் அதை அழிக்க என்னால் முடியாது என்று நினைத்தேன்.

அதற்குக் கீழே இன்னொரு நினைப்பும் இருந்தது. அதை இப்போது மறைக்கப் போவதில்லை. தம்பி வரமாட்டான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் ஏஜென்டுக்கு மறுபடி ஃபோன் எடுத்துக் கேட்கவும் இல்லை. அம்மாவுக்கு வராதவன் அப்பாவுக்கா வரப்போகிறான்? பின்னால் நிற்கும் பன்னிரண்டில் அவனுடையது இருந்தாலும், கப்பல் நடுக்கடலில், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுதான் இருக்கும். அந்த மூன்று வரிக்காக அப்பாவின் சிரிப்பை அழிப்பதா?

"அவன் வரமாட்டான் நானா. எனக்குத் தெரியும்" என்றேன்.

நானா கதிரையைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருவருடைய மரண வீட்டில் இன்னொருவர் எவ்வளவு வற்புறுத்த முடியும்? அப்படியென்றால் ராத்திரி முழுவதும் ஓட விடுவோம், லைன் நன்றாக இருக்கும் நேரத்தில் இழுத்துவிடக்கூடும் என்று சொல்லிப் புரோகிராமை ஓட வைத்துவிட்டுப் போனார். அவருடைய தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா எழும்பி நின்று கேட்டார். "என்ன மகள், வந்திச்சா?"

"ஒண்டும் வரல்ல சித்தப்பா."

அது பொய்யில்லை. வரவில்லைதான். பன்னிரண்டு மெயில்கள் திறக்க முடியாமல் நிற்கின்றன என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சித்தப்பா என்னைத் திட்டி, கையோடு அழைத்துக்கொண்டு போய் அதை அழிக்க வைத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. இன்னும் ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். "அவன் வாறதெண்டா இவ்வளவுக்கு ஒரு சொல்லு வந்திருக்கும்."

வாசலில் இருந்த ஆட்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். என் சொல் ஊர்ச் சொல்லாகிவிட்டது. மரண அறிவித்தலில் அடையாள அட்டைப் படத்தையே போட்டார்கள். கோயில் மதிலிலும் பஸ் நிற்குமிடத்திலும் அப்பா யாரையோ முறைத்துக்கொண்டு நின்றார். பெட்டியின் தலைமாட்டிலும் அதே முறைப்பு. வந்தவர்கள் எல்லாரும் வேறு படம் இல்லையா என்று கேட்டார்கள். ஒவ்வொருவர் கேட்கும்போதும் என் பிடிவாதம் இன்னும் ஒரு முடிச்சு இறுகியது. நாளைக்குக் காலையில் நல்ல படத்தோடு வருவேன், பாருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதன் காலையில் போய்ப் பார்த்தபோது கொம்பியூட்டர் செத்துக் கிடந்தது. இரவு மழையில் கரண்ட் போயிருக்கிறது. மறுபடி போட்டேன். ஐந்து மெயில், நுளம்பு வலை, ஆறாவதில் நின்றது. இப்போது பதினெட்டு என்ற எண் இருபத்தொன்றாகியிருந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுகை முடிந்ததும் அந்தப் பெட்டியைக் கேட்கக்கூடாத வார்த்தைகளால் திட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆண்களுக்கு மட்டும் சொன்னதில்லை.

பதினொரு மணிக்குச் சித்தப்பா ஃபோன் எடுத்தார்.

"மகள், சுவாமி இண்டைக்கு நாலு மணிக்கு எண்டு சொல்றார். இல்லாட்டி வெள்ளிக்கிழமைதானாம். என்ன செய்வம்? சின்னவனுக்காக வெள்ளி வரைக்கும் வைப்பமா?"

இந்தக் கேள்வியை நான் ஒவ்வொரு நாளும் திரும்பக் கேட்கிறேன். அவர் கேட்ட அதே குரலில் கேட்கிறது. அவர் முடிவை என் கையில் தந்தார். எனக்கு முன்னால் திரை வெளுத்துப்போய் இருந்தது. அதில் உன் அப்பா என்ற வரியில் நீலக் கோடு விழுந்திருந்தது. ஒரு பொத்தானை அமத்தினால் போதும்.

"நாலு மணிக்கே வைங்க சித்தப்பா" என்றேன்.

அடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெட்டியை மூடுமுன் பிள்ளைகள் வாருங்கள் என்று சுவாமி கூப்பிட்டார். நான் ஒருத்திதான் போனேன். அப்பாவின் நெற்றி குளிர்ந்து, மெழுகு மாதிரி இருந்தது. வாயை மலர்ச்சாலைக்காரர் இறுக்கி மூடியிருந்தார். உள்ளே ஒரு பக்கம் பஞ்சு புடைத்துக்கொண்டு நின்றது. அது அப்பாவின் முகம்தான், ஆனால் அப்பா ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. சேமக்காலையில் குழி வெட்ட வெட்ட ஈர மணல் சரிந்தது. மழை விடவில்லை. குடைகளின் கீழே எல்லாரும் செபம் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவி, வந்தவர்களுக்குப் பாணும் சம்பலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆறு மணி இருக்கும். தெரியாத இலக்கத்திலிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா." தம்பியின் குரல். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம். "கரைக்கு வந்திட்டன். கடுதாசி வேலையெல்லாம் முடிய இவ்வளவு நேரமாப் போச்சு. ஒராள்ட ஃபோன வாங்கிக் கதைக்கிறன். மெயில் கண்டிருப்பீங்கதானே? சொன்ன மாதிரி நாளைக்குப் பகல் வீட்டுக்கு வந்திடுவன். அப்பா எப்பிடி இருக்கிறார்? முகம் மாறல்லதானே?"

பாண் தட்டு கையில் இருந்தது. சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா?"

"அடக்கியாச்சுடா" என்றேன்.

யாரோ ஒரு விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"எப்ப?"

"இப்பதான். நாலு மணிக்கு."

"நான் வச்சிருக்கச் சொல்லி எழுதினேனே அக்கா."

"மெயில் வரல்லடா."

அதற்குப் பிறகு அவன் அழுவது கேட்டது. முப்பத்தெட்டு வயது ஆண், முன்பின் தெரியாத ஒருவரின் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, அந்நிய ஊர் விமான நிலையத்தில் குழந்தை மாதிரி அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனே சொன்னான். "கப்பல் மெயில்தானே. சாட்டிலைட் கிடைக்காட்டிச் சுணங்கும். நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

நான் அதை மறுக்கவில்லை. அவன் நீட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வியாழன் விடிந்ததும் லொட்ஜுக்குப் போனேன். நானா காட்டிய வரியில் வைத்து, காட்டிய பொத்தானை அமத்தினேன். உன் அப்பா போய்விட்டது. எண் ஏழு, எட்டு, ஒன்பது என்று ஓடியது. பின்னால் நின்ற பதினைந்து மெயில்களும் கடகடவென்று வந்து விழுந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அறை விலை கேட்டு மூன்று, நான்கு, மறுபடி நுளம்பு வலை, அவற்றுக்கு நடுவே அவனுடையது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு வந்து நின்றிருக்கிறது. நான் ஸ்கூட்டியை எடுக்கவே இல்லை அப்போது.

அக்கா, கப்டன் விட்டார். புதன் கரை, வியாழன் பகல் வீடு. அப்பாவை வைத்திருங்கள். அம்மாவுக்கு வராததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களிடமும்.

நான்காவது வரியும் ஐந்தாவது வரியும் இருந்தன. கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்து வருடமாக நான் அவனிடமிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்தான். இரண்டு நாள் அது எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறது, நான்தான் கதவைத் திறக்கவில்லை.

பிறகு அலுமாரியைத் திறந்து விருந்தினர் புத்தகத்தை எடுத்தேன். அவளுடைய பெயரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம். நானாவுக்கு ஃபோன் எடுத்து முகவரியைச் சொன்னேன். படங்களில் ஒன்றை மட்டும், சின்னதாக்கி அனுப்பும்படி அவர் தன் ஃபோனிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டார். மத்தியானத்துக்கு முதலே பதில் வந்துவிட்டது. மன்னிக்கவும், பெரிதாக அனுப்பிவிட்டேன், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாளாம். நானா படத்தை எனக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தாலும் இதே வேகத்தில்தான் வந்திருக்கும்.

தம்பி பகல் ஒரு மணிக்கு வந்து இறங்கினான். வீட்டுக்குள் வரவில்லை. பையையும் தோளில் போட்டுக்கொண்டு நேரே சேமக்காலைக்குப் போனான். நான் பின்னால் போனேன். மழை ஓய்ந்திருந்தது. மாலைகள் நனைந்து மணலோடு ஒட்டிக் கிடந்தன. அவன் முழங்காலில் நின்று ஈர மணலைக் கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினான். தலைமாடு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டான். காட்டினேன். அந்த இடத்தில் குனிந்து மணலுக்கு முத்தமிட்டான். எழும்பியபோது அவன் உதட்டில் மணல் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

அன்று பின்னேரம், ஆட்கள் குறைந்த பிறகு, அப்பாவின் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கடைசியில முகம் எப்பிடி இருந்திச்சு?"

நெற்றி ஞாபகம் வந்தது. இறுக்கி மூடிய வாய், ஒரு பக்கம் புடைத்த பஞ்சு. நான் ஃபோனை எடுத்து அந்தப் படத்தை அவனிடம் கொடுத்தேன். போட்டின் பின்பக்கத்தில் அப்பா. ஒரு கை இயந்திரத்தின் பிடியில். தலையைப் பின்னால் சாய்த்து, கண்கள் சுருங்க, வாய் நிறையச் சிரிக்கிறார். மேல்வரிசையில் இல்லாத பல்லின் இடைவெளியும் தெரிகிறது. அப்பா பயந்தது சரிதான், பல்லு தெரிந்தது.

தம்பி அதை வெகுநேரம் பார்த்தான். பெருவிரலால் அப்பாவின் நெற்றியைத் தொட்டான், படம் பெரிதாகிக்கொண்டு போனது.

"இப்பிடியா இருந்தார்? இதே மாதிரிச் சந்தோசமா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப பரவால்ல அக்கா" என்றான். "மெயில் சுணங்கினாலும் பரவால்ல."

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடியும்வரை நின்றுவிட்டு மறுபடி கப்பலுக்குப் போனான். போகுமுன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியது அவன்தான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், அக்காதான் தேடி எடுத்தா என்று பெருமையாகச் சொன்னான். இப்போது மெயிலில் நான்கு ஐந்து வரி எழுதுகிறான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவனுடைய மெயில் சுணங்கவில்லை. அதை நான் அவனுக்கு இன்னும் எழுதவில்லை.